தெருவிளக்கும் செக் கையெழுத்தும்

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் ஊருக்கு மட்டுமல்ல, தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், ஒன்றியக் கவுன்சிலர்கள் எல்லோருக்கும் அதுதான் கடைசி நாள். அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். எங்கள் ஊராட்சியைப் பார்க்கும் அதே அதிகாரிதான் ஒன்றியத்தில் இருக்கும் மற்ற ஊராட்சிகளையும் பார்க்கிறார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு மனிதர் எத்தனை ஊரின் தெருவிளக்கை ஞாபகம் வைத்திருக்க முடியும்?

தெருவிளக்கைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. டவுனில் ஜவுளிக்கடையிலும் மருந்துக்கடையிலும் வேலை பார்க்கும் பெண்கள் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, கண்மாய்க் கரை ஓரமாக நடந்து ஊருக்குள் வர வேண்டும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். அந்தப் பாதையில் அடுத்தடுத்த கம்பங்களில் விளக்கு எரியாமல் போனது. தலைவர் இருந்தவரை அவர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். மறுநாளே தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரை ஏணியோடு அனுப்பி வைப்பார். இப்போது மனு எழுதி எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போக வேண்டும். கடையில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்ற நிலையில் இருக்கும் பெண் எந்த நாளில் போவாள்? செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு கூட்டமாக நடந்து வருவது என்று அவர்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கணக்கு முடிக்க நேரமாகி ஒருத்தி மட்டும் அடுத்த பஸ்ஸில் வந்தால், அவளுடைய அப்பாவோ தம்பியோ மெயின் ரோட்டில் போய் நிற்க வேண்டும். அப்படிப் போய் நிற்க வீட்டில் ஆளில்லாத ஒருத்தி வேலையையே விட்டுவிட்டாள்.

அவளை யாரும் கேலி செய்யவில்லை, யாரும் தொடவில்லை. போலீஸில் கொடுக்க அவளிடம் புகார் எதுவும் இல்லை. ஆனாலும் அவளுடைய சம்பளம் போயிற்று, சம்பளத்தோடு வீட்டில் அவளுக்கு இருந்த பேச்சும் போயிற்று.

பெண்கள் பாதுகாப்பு என்றதும் 181, 1091 உதவி எண்கள், கேமரா, ரோந்து வாகனம் என்று பேசத் தொடங்குகிறோம். எல்லாம் வேண்டும்தான். பெரும்பாலும் இவையெல்லாம் ஏதோ ஒன்று நடந்த பிறகு வருகிறவை. நடக்காமல் தடுப்பது விளக்கும் கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் முள் வெட்டிய பாதையும். இவை ஊராட்சியின் வேலைகள். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்களில் எத்தனையோ பேர் டவுன் வேலைக்குக் கிளம்பியதே அதற்குப் பிறகுதான். ஆனால் அரசு பஸ் நிறுத்தத்தோடு நின்றுவிடுகிறது. நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல் வரை ஊராட்சிதான் கொண்டுவந்து விட வேண்டும். அதனால் ஊராட்சி அலுவலகத்தில் யார் உட்காருகிறார், அவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதைத்தான் நான் பெண்கள் பாதுகாப்பின் முதல் கேள்வியாகப் பார்க்கிறேன்.

சட்டம் இந்த விஷயத்தில் நமக்கு நிறையவே கொடுத்திருக்கிறது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு என்றது. தமிழ்நாடு 1994இல் தன் ஊராட்சிச் சட்டத்தை இயற்றி 1996இல் தேர்தல் நடத்தியது. 2016 பிப்ரவரியில் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. அப்புறம் நடந்ததுதான் வேதனை. அந்த ஆண்டு அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தாகி, 2019 டிசம்பர் வரை ஊர்களைத் தனி அலுவலர்களே பார்த்தார்கள். புதிதாகப் பிரித்த மாவட்டங்களையும் சேர்த்து ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் ஆனது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. பாதி இடம் உனக்கு என்று சட்டம் போட்டுவிட்டு, உட்காரும் நாளை மட்டும் தள்ளிக்கொண்டே போனார்கள். அதே கதை இப்போது மறுபடியும் நடக்கிறது என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

கடைசியில் தேர்தல் நடந்தபோது என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 21 மாநகராட்சிகளில் 11இன் மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் மேயர் நாற்காலியில் ஒரு தலித் பெண் முதன்முதலாக உட்கார்ந்தது 2022 மார்ச்சில்தான். பிரியா ராஜனுக்கு அப்போது 28 வயது. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெண்கள் தாரா செரியனும் காமாட்சி ஜெயராமனும் மட்டுமே. அதே 2022இல் மாநகராட்சிக்குள் பாலினம் மற்றும் கொள்கை ஆய்வகம் என்று ஒரு பிரிவும் வந்தது. பணம், பெண்கள் பாதுகாப்புக்கென்று ஒன்றிய அரசு வைத்திருக்கும் நிர்பயா நிதியின் கீழ் வந்தது. கழிப்பறையோ பஸ் நிறுத்தமோ கட்டுவதற்கு முன்னால் அதைப் பயன்படுத்தப்போகும் பெண்களிடம் கேட்க வேண்டும் என்பதை ஒரு மாநகராட்சி தன் வேலையாக எடுத்துக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் சென்னைக்குக் கிடைத்ததெல்லாம் கிராமத்துக்குக் கிடைப்பதில்லை. எங்களுக்கு ஆய்வகமும் நிர்பயா நிதியும் தலைவரின் நாற்காலிதான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த பெண்கள் என்ன பாடு பட்டார்கள் என்று பாருங்கள்.

திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்தில் 2006இல் கிருஷ்ணவேணி தலைவரானார். தலித் பெண். நூறு நாள் வேலையைச் சரியாக நடத்திப் பெயர் வாங்கியவர். பெண்களுக்குக் கழிப்பறை கட்டுவதற்கான இடம் தொடர்பாகத் தகராறு வந்தது. மிரட்டல்கள் வந்தன. பாதுகாப்பு கேட்டுப் புகார் மேல் புகார் கொடுத்தார். 2011 ஜூன் 13 இரவு, வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவரை வெட்டினார்கள். உடம்பெங்கும் வெட்டுக்காயம், காது போனது. உயிர் பிழைத்தார். குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வர 2025 ஆகிவிட்டது. ஊரில் மற்ற பெண்கள் இருட்டில் ஒதுங்கப் போக வேண்டியிருக்கக் கூடாது என்று நினைத்தவரை இருட்டிலேயே வெட்டிப் போட்டார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

2020இல் இன்னும் இரண்டு தலித் பெண் தலைவர்கள். திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தத்தைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. செய்தி பரவி, மாவட்ட ஆட்சியர் நேரில் வந்த பிறகுதான் ஏற்றினார். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சிக் கூட்டம் நடக்கிறது. மற்றவர்கள் நாற்காலியில், தலைவர் ராஜேஸ்வரி தரையில். அந்தப் படம் அக்டோபரில் வெளிவந்து துணைத் தலைவர் மீது வழக்குப் பதிவானது, ஊராட்சி செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். படம் வராமல் போயிருந்தால்? எத்தனை ஊராட்சி அலுவலகத்தில் படம் எடுக்க ஆளில்லை?

தெற்குத் திட்டையில் பெயர் அடிபட்டவர் துணைத் தலைவர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊராட்சி எப்படி இயங்குகிறது என்று உள்ளே இருந்து பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமே தராது. தலைவர் பதவி பெண்ணுக்கு, தலித்துக்கு, தலித் பெண்ணுக்கு என்று ஒதுக்கப்படுகிறது. துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரில் நிலமும் சாதி பலமும் உள்ளவர் தலைவராக நிற்க முடியாதபோது வார்டு உறுப்பினராக வந்து துணைத் தலைவர் ஆகிவிடுகிறார். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் இல்லை, மோட்டார் ரிப்பேர் இல்லை, பல்பு இல்லை. பிறகு அவரே ஊருக்குள், "பொம்பளை தலைவரா இருந்தா இப்படித்தான், ஒரு வேலையும் நடக்காது" என்று பேசுவார்.

மனைவியின் பதவியைக் கணவர் நடத்துவதைப் பற்றி ஒன்றிய அரசு 2023இல் ஒரு குழு போட்டது. குழு 2025இல் அறிக்கை கொடுத்தது, கடுமையான தண்டனை வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் கணவரை மட்டும் பிடித்தால் பாதிதான் பிடித்த மாதிரி. கையெழுத்துப் போடாத துணைத் தலைவர், பதிவேட்டைக் காட்டாத செயலர், பழைய தலைவர் காலத்திலிருந்தே எல்லா வேலையையும் எடுக்கும் கான்டிராக்டர் என்று ஒரு பெரிய கூட்டமே அந்தப் பெண்ணின் கையைக் கட்டுகிறது. பல வீடுகளில் மனைவிக்கு இவர்களோடு மோதத் துணையாக நிற்பதே கணவர்தான். அவரை ஒதுங்கச் சொல்லும் அரசு, அந்த இடத்தில் வேறு துணை கொடுக்கிறதா?

இதெல்லாம் எனக்கு ஓரளவாவது புரிந்தது சித்தியால்தான். சித்தி 2006இலிருந்து ஒரு முறை வார்டு உறுப்பினராக இருந்தார். அதற்கும் முன்னால், 90களின் தொடக்கத்தில், எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது சைக்கிள் கற்றுக்கொண்டவர். இளைய தலைமுறைக்கு இது தெரியாமல் இருக்கலாம். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். கல்குவாரிகளையும் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது அந்த நிர்வாகம். யாரும் அதற்குப் பெண்கள் பாதுகாப்புத் திட்டம் என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் பஸ்ஸுக்காக இருட்டில் காத்துக் கிடந்த பெண், நினைத்த நேரத்தில் கிளம்பி நினைத்த நேரத்தில் வீடு சேர்ந்தாள். உள்ளூர் நிர்வாகம் பெண்களுக்காகச் செய்ததிலேயே இதற்கு இணையாக நான் வேறொன்றைச் சொல்ல மாட்டேன்.

சித்தி வார்டு உறுப்பினரானபோது ஊரில் மகளிர் சுகாதார வளாகம் பூட்டிக் கிடந்தது. 2001க்குப் பிறகு ஊராட்சிக்கு ஒன்று என்று தமிழ்நாடு முழுக்கக் கட்டினார்கள், நினைவிருக்கிறதா? கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கும் கல் எல்லாம் சேர்ந்த கட்டடம். எங்கள் ஊரில் மோட்டார் கருகியதும் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றதும் பூட்டுப் போட்டார்கள். துவைக்கிற கல் பக்கம் யாரோ ஆடு கட்ட ஆரம்பித்தார்கள். பெண்கள் பழையபடி கருவேலங்காட்டுக்கு, விடிவதற்கு முன்னாலோ பொழுது சாய்ந்த பிறகோ. இடைப்பட்ட நேரத்தில் அடக்கிக்கொண்டிருப்பார்கள். பாம்பு கடித்த கதையும் உண்டு, வெளியே சொல்லாத கதைகளும் உண்டு.

சித்தி ஒவ்வொரு கூட்டத்திலும் மோட்டாரைப் பற்றிக் கேட்டார். சுடுகாட்டுப் பாதை முதலில் போடட்டும், மோட்டார் அப்புறம் என்று தள்ளினார்கள். தலைவரம்மா சரி என்றாலும் இரண்டாவது கையெழுத்து விழவில்லை. அந்த நிலையில்தான் சித்தி கிராம சபையைப் பிடித்தார்.

கிராம சபைக்கு ஒரு குறைந்தபட்ச வருகை வேண்டும். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர். அது 200, 300 என்று மக்கள்தொகைக்கு ஏற்ப ஏறும். அந்த எண்ணிக்கையை நிரப்புவது யார்? தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்கள்தான். கிராம சபை நாளில் அவர்களைத்தான் வரச் சொல்லி, பந்தலில் தரையில் உட்காரவைத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கையெழுத்து முடிந்ததும் வீட்டுக்கு. தீர்மானம் என்னவென்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து வரும் அலுவலரான பற்றாளர், தலைவர் வீட்டில் காபி குடித்துவிட்டுக் கிளம்புவார்.

அந்த ஆகஸ்ட் 15 அன்று சித்தி முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு நோட்டைக் கையில் வாங்கவில்லை. "மொதல்ல தீர்மானத்தை எழுதிப் படிச்சுக் காட்டுங்க. மகளிர் வளாகத்துக்கு மோட்டார்னு அதுல இருந்தா நாங்க கையெழுத்துப் போடுறோம்" என்றார். அவருடைய சுய உதவிக் குழுப் பெண்களும் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நோட்டு அடுத்த வரிசைக்குப் போனது. அங்கேயும் வாங்கவில்லை. செயலர் பற்றாளரைப் பார்க்க, பற்றாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வருகை நிரம்பாவிட்டால் அவர் இன்னொரு நாள் வந்தாக வேண்டும், மேலே பதில் சொல்ல வேண்டும். செயலர் பேனாவைத் திறந்தார். எழுதியதை ஒரு முறை படித்தார், சித்தி இன்னொரு முறை சத்தமாகப் படிக்கச் சொன்னார். அறிவொளியில் எழுத்துக் கற்றவர்கள் எழுந்துபோய்த் தீர்மானப் புத்தகத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்புறம்தான் கையெழுத்து.

கிராம சபைத் தீர்மானம் புத்தகத்தில் ஏறிவிட்டால் அந்தச் செக்கை நிறுத்தி வைப்பது யாருக்கும் எளிதில்லை. தீபாவளிக்கு முன்னால் மோட்டார் வந்தது. சித்தியிடம் பயமாக இல்லையா என்று பிறகு கேட்டேன். "பயம் இல்லாமயாடி? நான் ஒருத்தியா நின்னிருந்தா அன்னைக்கு ராத்திரியே வீட்டு மேல கல்லு விழுந்திருக்கும். நோட்டை வாங்காதது நூறு பேர். யார் வீட்டு மேலன்னு எறிவான்?" என்றார்.

தாழையூத்தில் கிருஷ்ணவேணிக்குக் கிடைக்காமல் போனது இதுதான் என்று நினைக்கிறேன். ஊர்ப் பெண்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு தலைவர் மிரட்டலுக்கு ஆளானால், அது பதவியில் இருப்பவருக்கு வந்த மிரட்டல் என்று அரசு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தால் ஊரும் தைரியமாகப் பின்னால் நின்றிருக்கும்.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். கேரளத்தில் 90களின் பிற்பகுதியிலிருந்தே, உள்ளாட்சி அமைப்பு தன் திட்ட நிதியில் 10 சதவீதத்தைப் பெண்களுக்கென்று தனியாகத் திட்டமிட்டாக வேண்டும். அந்தப் பணத்தைத் தையல் மெஷினில் கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்ற விமர்சனம் அங்கேயே உண்டு. இருந்தாலும் தனிக் கணக்கு என்று ஒன்று இருந்தால்தானே எங்கே போனது என்று கேட்கவே முடியும். இன்னொன்று ஜாக்ரதா சமிதி. ஊராட்சித் தலைவர், அங்கன்வாடி மேற்பார்வையாளர், போலீஸ் அதிகாரி, பெண் வழக்கறிஞர் என்று ஒரு குழு, ஊராட்சி அளவிலேயே. அடிவாங்கும் பெண் மாவட்டத் தலைநகரில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைத் தேடி பஸ் ஏறுவதற்கு முன்னால், நடந்து போகும் தூரத்தில் சொல்லிக்கொள்ள ஓர் இடம். நம் ஊராட்சிகளில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்கிறது, தலைவரே அதற்குத் தலைமை. பெரும்பாலும் காகிதத்தில். அதை உயிர்ப்பித்துப் பெண்களின் புகார்களுக்கும் விரித்தால் தொடக்கத்துக்குப் போதும்.

நான் கேட்பது அதிகமில்லை. துணைத் தலைவர் பதவிக்கும் ஒதுக்கீடு வேண்டும். கிராம சபை நிறைவேற்றிய வேலைக்குக் காரணம் எழுதாமல் இரண்டாவது கையெழுத்தை நிறுத்தக் கூடாது என்று விதி வேண்டும். மிரட்டல் வந்தது என்று பெண் தலைவர் புகார் கொடுத்தால் மாவட்ட எஸ்.பி. அலுவலகமே நேரடியாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஐந்தாண்டு முடிந்தால் தேர்தல் நடக்க வேண்டும். தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிகளில் பாதியின் தலைவர் நாற்காலி பெண்களுக்கு உரியது. தேர்தலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய மாதம்.

தேர்தல் என்றைக்கு வந்தாலும் நிற்பதென்று எங்கள் ஊரில் சில பெண்கள் முடிவு செய்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தி வீட்டுத் திண்ணையில் கூடுகிறார்கள். சித்தி முதலில் சொல்லிக் கொடுப்பது மேடைப் பேச்சு அல்ல, கணக்கு. ஒவ்வொரு ஊராட்சியின் வரவு செலவும் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே பார்க்கலாம். மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துப் போனால் எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்று வரும். போன வாரம் மகளிர் வளாகப் பராமரிப்பு என்று ஒரு செலவைக் கண்டுபிடித்தார்கள். வளாகத்துக்கு நேரில் போய் என்ன பராமரித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து, அடுத்த கிராம சபையில் அதன் ரசீதைக் கேட்பது என்று பேசி வைத்திருக்கிறார்கள்.